டாக்டர் சுப்பாராவ் விட்டுச் சென்ற மருந்து

ஒரு தேசத்தின் புதல்வர்களில் சிலர் சபைகளிற் பேசிக் கீர்த்தி பெறுகின்றனர். சிலர் சிறை புகுந்து கீர்த்தி பெறுகின்றனர். வேறு சிலரோ யாரும் பாராத அறையொன்றில் கண்ணாடிக் குழாய்களோடு ஆயுளைக் கழித்து, உலகத்திற்குப் பேருபகாரம் செய்துவிட்டு அடக்கமாய் மறைந்து போகின்றனர். டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் இவ்வகையினர். கொடிய ரத்தப் புற்று கண்டவர் பிறர் தானமாகத் தந்த மூல உயிரணுக்களாற் பிழைத்தெழும் அற்புதத்தை இக்காலத்தில் காண்கிறோம். அந்தச் சிகிச்சையில் நோயாளியைக் காக்கும் மருந்தொன்றின் பூர்வ சரித்திரத்தைத் தேடினால், அது நமது சென்னையில் வைத்தியம் பயின்ற இம்மனிதரிடம் போய்ச் சேரும். ஆதலின் அவருடைய வரலாற்றை நினைவூட்டுவது நமது கடமையாகும்.

அவர் 1895-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். மூன்றாம் முறையில்தான், திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து, மெட்ரிகுலேஷன் தேறினார். துறவு பூண விரும்பினார், தாயார் இசையவில்லை. பின்னர் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். அப்பொழுது காந்தியடிகளின் அழைப்புக்கு இணங்கி, ரண சிகிச்சைக் கூடத்திலும் கதரங்கியே தரித்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இது பொறுக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்கு எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, தாழ்ந்ததாகிய எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சர்க்கார் வைத்திய உத்தியோகத்தின் கதவும் அடைபட்டது.

அவருடைய சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் நோய் கொண்டுபோயிற்று. உண்ட உணவு உடலில் ஒட்டாமல், ரத்தம் வெளுத்து, மனிதன் உருகிப்போகும் நோய் அது. அவரையும் அது பற்றியது. ஆசண்ட லக்ஷ்மீபதி அவர்களின் ஆயுர்வேதச் சிகிச்சையால் பிழைத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிற் சிறிது காலம் போதித்த பின், 1922 அக்டோபரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை அடைந்தார். இங்கே விட்டுச்சென்ற மனைவியை அவர் மறுபடி காணவே இல்லை. பிழைப்பிற்காகப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலையாளாகப் பணி செய்தார். இதைக் குறைவென அவர் எண்ணவில்லை. நாமும் எண்ண வேண்டியதில்லை.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஃபிஸ்கே என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். இருவர் பெயரையும் தாங்கிய அம்முறை உலகெங்கும் பரவிற்று. 1927-இல் தசைகளிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் உயிரணுவின் சக்திப் பொருளாகிய ஏ.டி.பி.யையும் இவர்கள் கண்டனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அவ்வருஷமே ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார். இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் ராஜ்யத்து லெடர்லே மருந்து ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்.

அங்கே அவர் தலைமையில் உழைத்த கூட்டத்தார் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கி 1945-இல் அறிவித்தனர். யானைக்கால் நோய்க் கிருமியை அடக்கும் ஹெட்ரசானும், டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதாகிய ஆரியோமைசினும் அங்கிருந்தே வந்தன. ஸ்ப்ரூ நோய்க்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமே இன்றளவும் கொடுக்கப்படுகின்றன. சகோதரரைக் காக்க வழியற்றிருந்தவர், அதே நோய்க்குரிய மருந்துகளை உலகிற்கு அளித்தார்.

ஃபோலிக் அமிலம் இன்றி உயிரணுக்கள் பெருக இயலா. அதைப்போன்றே தோன்றி அதன் வேலையைச் செய்யாத போலிப் பொருளைக் கொடுத்தால், வேகமாய்ப் பெருகும் அணு ஏமாந்து அழியும். இவ்விதம் ஆக்கப்பட்ட அமினோப்டெரினைப் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததென 1948 ஜூனில் அறிவித்தார். தணிவு தற்காலிகமே, ஆயினும் அதுவரை ஒரு வழியும் தெரியாத நோய் அது. இரண்டு மாதங்கள் கழித்து, ஆகஸ்டில், சுப்பாராவ் தமது 53-ஆவது வயதில் உறக்கத்திலேயே காலமானார். அமினோப்டெரினின் இடத்தை, அதனினும் கொடுமை குறைந்த மெதோட்ரெக்ஸேட் பெற்றது; அதுவும் அவருடைய கூட்டத்தாரின் படைப்பே.

அக்யூட் மைலாய்டு லுகேமியாவை இம்மருந்து நேரே வெல்வதில்லை. அதைச் சொல்லிவிடுவதே நியாயம். அந்நோயில் மீண்டும் தலைதூக்கும் அபாயம் மிகுந்த வகைகளுக்கு வேறு மருந்துகளால் நோயை அடக்கியபின், மற்றொருவருடைய மூல உயிரணுக்களைச் செலுத்துகின்றனர். அவை புதிய ரத்தத்தை உண்டாக்குவதோடு, ஒளிந்திருக்கும் நோயணுக்களையும் அழிக்கின்றன. ஆனால் தானமாக வந்த காவலணுக்கள் நோயாளியின் தோல், ஈரல், குடல் ஆகியவற்றையும் அன்னியமென்று கருதித் தாக்கக்கூடும். அவ்வாறு தாக்கப் பெருகும் அணுக்களை, சிகிச்சை முடிந்த முதற் சில நாட்களில் சிறு அளவுகளில் கொடுக்கப்படும் மெதோட்ரெக்ஸேட் வெட்டிவிடுகிறது. ஸியாட்டில் நகரில் டாக்டர் டானல் தாமஸும் அவர் கூட்டத்தாரும் இம்முறையை நிலைநாட்டினர்; 1986-இல் சைக்ளோஸ்போரினோடு சேர்த்தால் பலன் மிகுதியென்று காட்டினர். தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் இளமையிற் பயிற்சி பெற்றது, சுப்பாராவ் இரவு வேலை பார்த்த அதே பிரிகாம் ஆஸ்பத்திரியில்!

நமது நாட்டில் 1983-இல் பம்பாய் டாடா ஆஸ்பத்திரியிலும், 1986-இல் வேலூரிலும் பிறர் மஜ்ஜையை மாற்றும் சிகிச்சை தொடங்கிற்று. கைகளும் மருந்தும் இருக்கின்றன. குறைவது தானம் செய்வோரே. உடன்பிறந்தான் ஒருவன் முற்றும் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கே வாய்ப்பு. மற்றவர் அயலாரை நாட வேண்டும். அவ்வயலாரும் தம் இனத்தவராயிருந்தாலே பொருத்தம் எளிதிற் கிடைக்கும். நமது ஜனத்தொகையை நோக்கின், பெயர் பதிந்தோர் தொகை மிகச் சொற்பம். பதிவுக்கு வேண்டுவது கன்னத்தின் உட்புறத்தைத் தடவியெடுக்கும் சிறு மாதிரியே. பின்னர் அழைப்பு வந்தால், பெரும்பாலும் கைநரம்பின் வழியே சில மணி நேரத்தில் அணுக்களைப் பிரித்தெடுக்கின்றனர். கொடுத்தது உடலில் மறுபடி ஊறிவிடுகிறது.

1995-இல் நமது சர்க்கார் சுப்பாராவின் உருவத்தோடு தபால் தலை வெளியிட்டது. நன்று, ஆயினும் தபால் தலையோடு இக்கடன் தீராது. பட்டம் மறுக்கப்பட்டும், பதவி மறுக்கப்பட்டும், முகமறியாத கோடி ஜனங்களுக்காக உழைத்தவர் அவர். முகமறியாத ஒரே ஒருவனுக்காக நமது இளைஞர் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பதியவேண்டும். பொதுக்கூட்டம் கூட்டத் தெரிந்த நமது தொண்டர்கள், தத்தம் ஊரில் இதற்கும் ஒரு கூட்டம் கூட்டுவார்களாக. அதுவே அவருக்கு நாம் எழுப்பும் ஞாபகச் சின்னம்.