பருத்திப் பூவின் நிறம் பிரித்தவர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை யாரைக் கேட்டாலும் பஞ்சின் விலையைச் சொல்வார்கள். பஞ்சாலைகளால் வளர்ந்த வட்டாரம் இது. நான் கற்பித்த பொருளியலிலும் பருத்தி என்றால் பஞ்சுதான். பஞ்சுக்கு முன் மலரும் பூவை ஆராய்ந்த ஒரு தமிழரைப் பற்றி இங்கு எவரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் டி.ஆர். சேஷாத்ரி.

1900 பிப்ரவரி 3 அன்று குளித்தலையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1927-இல் இங்கிலாந்து சென்றார். தாவர நிறமிகளில் தேர்ந்தவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருமான ராபர்ட் ராபின்சனிடம் மான்செஸ்டரில் ஆய்வு செய்து, 1929-இல் முனைவரானார். நாடு திரும்பிக் கோவையில் சில காலம் மண்ணை ஆராய்ந்தார். பிறகு வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையை வளர்த்தெடுத்தார்.

அங்குதான் கம்போடியா, கருங்கண்ணி முதலிய பருத்திகளின் பூக்கள் அவருடைய ஆய்வுக்கு வந்தன. கருங்கண்ணி நம் கரிசல் மண்ணின் பயிர். இன்றைய கருவிகள் அன்று இல்லை. எந்தப் பொருளை எந்தக் கரைப்பான் ஏற்கும் என்ற தெளிவே துணை. மூலக்கூறில் மின்னூட்டம் ஒருபுறம் சாய்ந்திருக்கும் இயல்பை முனைவுத்தன்மை என்பர். நீரிலும் ஆல்கஹாலிலும் அது மிகுதி, ஈதரில் குறைவு, பெட்ரோலிய ஈதரில் ஏறக்குறைய இல்லை. ஆகவே பூவின் மெழுகும் கொழுப்பும் பெட்ரோலிய ஈதரோடு போய்விடும். சர்க்கரை ஒட்டிய மஞ்சள் நிறமி ஆல்கஹாலில் தங்கும். அமிலமிட்டுக் கொதிக்கவைத்துச் சர்க்கரையைக் கழற்றினால், அதே நிறமி ஈதருக்குத் தாவிவிடும்! இப்படிப் பிரித்தவற்றுள் ஒன்றே ஹெர்பாசிட்ரின்.

இன்று மாணவர்கள் செய்யும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகையிலும் இதே கணக்குத்தான். சிலிக்கா பூசிய தகட்டில் இலைச்சாற்றை ஒரு புள்ளியாக இட்டு, பெட்ரோலிய ஈதரில் நிறுத்தினால் கரோட்டின் மேலேறும். பச்சையம் கீழேயே நிற்கும். சிறிது அசிட்டோன் சேர்த்தால் பச்சையமும் நகரத் தொடங்கும். அசிட்டோன் மிகுந்தால் எல்லாம் ஒன்றாக ஓடிப் பிரிவே இல்லாமற்போகும். சிக்கனம் பேசும் என் துறைக்கு இந்த அளவறிதல் அந்நியமன்று.

1949-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் சென்றார். 1960-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963-இல் பத்மபூஷண். 1975 செப்டம்பர் 27 அன்று மறைந்தார். இவ்வட்டாரக் கல்லூரிகள் அந்தத் தகட்டுச் சோதனையை ஏதோ ஓர் இலையில் செய்வதோடு நிறுத்தாமல், பருத்திப் பூவிலும் செய்யட்டும். பாடக்குறிப்பில் சேஷாத்ரியின் பெயரும் இருக்கட்டும். பூ பக்கத்து வயலிலேயே கிடைக்கும்.