அம்ஸ்டர்டாம் தந்த இசைமகள் – ஹென்றியெட் பொஸ்மன்ஸ்

ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆயிற்று. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. இறுப்பிட்டியில் படித்த எம்மிற் சிலர் இன்று மெய்யான அம்ஸ்டர்டாம் நகரத்திலேயே வாழ்கின்றோம். அந்நகரம் பெற்ற இசைமகள் ஒருவரை இம்மலரில் நினைவுகூருகின்றோம்.

ஹென்றியெட் பொஸ்மன்ஸ் 1895 டிசெம்பர் 6 ஆம் திகதி பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற செலோ வாத்தியக் கலைஞர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் காலமானார். பியானோ ஆசிரியையான தாயார் சாரா பெனெடிக்ஸ் தனியே நின்று மகளை வளர்த்தார்; அவரே முதற் குருவுமானார். பதினேழு வயதிலேயே ஹென்றியெட் பியானோவில் சிறப்புத் தேர்ச்சி பெற்றார்; பின்னர் மேடையேறினார்.

வாசிப்பதுடன் அவர் நின்றுவிடவில்லை. 1919 இல் செலோவுக்கும் பியானோவுக்குமான சொனாட்டாவை இயற்றினார். பெயர் பெற்ற பின்னரும், 1927 இல், வில்லெம் பெய்ப்பர் என்னும் இசையமைப்பாளரிடம் மாணவியாகச் சேர்ந்தார். முப்பது வயது கடந்தும் கற்கத் தயங்காத அப்பண்பு எமக்கெல்லாம் பாடமாகும்.

1934 இல், அவரை மணக்கவிருந்த வயலின் கலைஞர் பிரான்சிஸ் கூனே நோயினால் இறந்தார். அவருக்கென எழுதிய வயலின் இசையை அவரே வாசிக்கக் கேட்கும் பேறு ஹென்றியெட்டுக்குக் கிட்டவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் அவரது பேனா ஏறக்குறைய ஓய்ந்தே கிடந்தது.

1940 இல் நாசிப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. தாயார் யூதர் என்பதனால் மகளுக்கும் பொதுமேடைகள் மூடப்பட்டன. வீடுகளில் இரகசியமாக நடந்த கச்சேரிகளில் வாசித்தே அவர் சீவனம் நடத்தினார். 1944 இல், எண்பது வயதைத் தாண்டிய தாயாரைப் பிடித்து வெஸ்டர்போர்க் முகாமுக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து கொலை முகாம்களுக்குப் புகையிரதங்கள் புறப்பட்ட காலம் அது. மகள் சோராது முயன்று தாயாரை உயிருடன் மீட்டெடுத்தார்.

போர் முடிந்த 1945 இல் இறந்தோருக்காக ஓர் இசையாக்கத்தைப் படைத்தார். பின்னர் பிரெஞ்சுப் பாடகி நொயெமி பெருகியாவின் குரலுக்கென அடுத்தடுத்துப் பாடல்களை இயற்றினார். 1951 இல் அரச விருது பெற்றார். 1952 யூலை 2 ஆம் திகதி, ஐம்பத்தாறாவது வயதில் காலமானார். 1994 முதல் இளம் இசையமைப்பாளருக்கான பரிசொன்று அவர் பெயரால் வழங்கப்பட்டது.

இடப்பெயர்வின்போது வீணையை விட்டுவிட்டு வந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையைப் பாதியில் நிறுத்தியவர்களும் உள்ளனர். பத்து ஆண்டுகள் ஓய்ந்திருந்த ஒரு கை மீண்டும் எழுதிற்று என்பதை அவர்களுக்கே முதலிற் சொல்ல விரும்புகின்றோம். சகோதரிகளே, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவேனும் மீண்டும் தொடங்குங்கள்.