ராணி யார் என்று கேட்ட டீச்சர்

கேரித் தீவுல எங்க தோட்டத்துக் கோயிலில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு எடுக்கிறேன். தேர்தல் வந்தாலே, அண்ணா நீங்க எந்தக் கட்சி என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லலாமா, கூடாதா? அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் சகோதரி நிவேதிதை.

1867-இல் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள்தான் இவர். பதினேழு வயதிலேயே ஆசிரியை. 1895-இல் லண்டனில் சுவாமி விவேகானந்தரைச் சந்தித்தார். 1898-இல் கல்கத்தாவுக்கு வந்தார், நிவேதிதை ஆனார். அதே ஆண்டு காளி பூஜை நாளில் பாக்பஜாரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். திறந்து வைத்தவர் அன்னை சாரதாதேவி. பெண்ணை வெளியே அனுப்பாத காலம் அது. வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்.

ஒருநாள் வகுப்பில் இந்தியாவின் ராணி யார் என்று கேட்டார். பிள்ளைகள் விக்டோரியா மகாராணி என்றார்கள். அவருக்கு வந்ததே கோபம்! உங்கள் ராணி சீதாதேவி என்று சொல்லிக் கொடுத்தார். 1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு, வந்தே மாதரம் முழங்கிய மாணவர்களை அரசாங்கம் தண்டித்தது. இவர் பள்ளியிலோ பிள்ளைகள் அதைப் பாடினார்கள். வஜ்ராயுதம் பொறித்த கொடி ஒன்றையும் அவர்களே தைத்தார்கள். 1906 காங்கிரஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது.

எதையும் ஒளித்துச் செய்யவில்லை. 1902 ஜூலையில் சுவாமி மறைந்தார். அரசியல் கூடாது என்பது மடத்தின் விதி. தம்மால் துறவிகளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று அதே மாதமே மடத்திலிருந்து விலகி, செய்தித்தாளிலும் அறிவித்துவிட்டார். குருவின் பெயரை மட்டும் விடவில்லை. ராமகிருஷ்ண விவேகானந்தரின் நிவேதிதை என்றே கையெழுத்திட்டார்.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பாரதியாரும் இவரைக் குருவாக ஏற்றார். 1908-இல் ஸ்வதேச கீதங்களை இவருக்கே சமர்ப்பித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்டபோது, பாரதியாருக்கு எதிர்வாதம் பேசும் வயசு இருந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு அது ஏது? டீச்சர் சொன்னா அதுதான் வேதம். பாடப்புத்தகமே ஆள்பவனுடைய அரசியலாக இருந்த நாட்டில், சீதையைச் சொன்னது சரிதான் என்பேன். நம்ம ஊர்க் கட்சிச் சண்டை அந்த ரகமில்லை. 18 வயதில் தானாகவே வாக்காளர் ஆவீர்கள் என்பதைச் சொல்வேன், வாக்கை எப்படி எண்ணுவார்கள் என்பதையும் சொல்வேன். என் கட்சியைச் சொல்லமாட்டேன்.

1911 அக்டோபர் 13, டார்ஜிலிங்கில் நிவேதிதை காலமானார். வயது 43. பாக்பஜாரில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.