புத்தகத்துக்கு வழி காட்டியவர்
சீர்காழி ரங்கநாதனின் கதை

புத்தகம் அலமாரியில் இருக்கும். ஆனால், அதைத் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்!

ஏன்? பெயர்க் குழப்பம்தான் காரணம்.

ஒருவர் "காசநோய்" என்று தேடுவார். இன்னொருவர் "சயரோகம்" என்று தேடுவார். மற்றொருவர் "டி.பி." என்று தேடுவார். மூன்றும் ஒரே நோய். நூல் நிலையப் பட்டியலில் அது மூன்று பெயரில் சிதறிக் கிடந்தால், ஒருவருக்கும் எல்லாப் புத்தகமும் கிடைக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வாழ்நாளெல்லாம் உழைத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

கணக்கு ஆசிரியர்

அவர் 1892-ம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். மங்களூர், கோவை, சென்னைக் கல்லூரிகளில் கணக்குப் பாடம் நடத்தினார்.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அங்கே புத்தகம் படிக்க வருகிறவர்கள் குறைவு. சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. பழைய கல்லூரிக்கே ஓடினார். வேலையைத் திரும்பத் தரும்படி கேட்டார்.

முதலில் லண்டன் போய் நூலகப் பயிற்சி பெற்று வரும்படி கல்லூரி முதல்வர் சொல்லி அனுப்பினார்.

பொம்மை காட்டிய வழி

லண்டனில் ஒரு நாள் பெரிய கடை ஒன்றுக்குப் போனார். அங்கே "மெக்கானோ" என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள்!

அவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டினால் என்ன?

"நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை" என்று ஒரு புத்தகம். மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே என்று அதைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுத்தார். குறிகளைப் பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். இந்த "கோலன் பகுப்பு முறை" 1933-ல் நூலாக வந்தது.

சங்கிலி

அடுத்து, பட்டியல். 1938-ல் "சங்கிலி முறை"யை வகுத்தார். துண்டுகள் சங்கிலியின் கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியின் பெயரிலும் ஓர் அட்டை. "காசநோய்" என்று தேடினாலும், "நுரையீரல்" என்று தேடினாலும், அலமாரியில் உரிய இடத்துக்கு வழி கிடைக்கும்.

ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் தலைப்பு. "சயரோகம்" என்று தேடுகிறவரை, அந்த அட்டை "காசநோய்" பக்கம் திருப்பி விடும்.

பிரிட்டனின் தேசிய நூற்பட்டியலே 1950 முதல் இருபது ஆண்டு சங்கிலி முறையைப் பின்பற்றியது!

கல்லூரிக்கே திரும்ப நினைத்தவர், நூலகத்தை விட்டு விலகவே இல்லை. 1972-ல் பெங்களூரில் காலமானார்.

அட்டைப் பெட்டியின் இடத்தில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனாலும் நூலகரின் வேலை அதேதான்: கேட்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும், அவருடைய புத்தகம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.