ஈமானும் வாக்கும்: எல்லைக் காந்தி கான் அப்துல் கஃப்பார் கான் வாழ்வு தரும் படிப்பினை



தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. ஒரு கட்சி மார்க்கத்தின் பெயரால் வாக்குக் கேட்கும்போது, அக்கட்சியின் அரசியலை ஏற்காத முஸ்லிம் என்ன செய்வது? மறுத்தால் மார்க்கத்தையே மறுத்தவன் ஆவானோ? இவ்வினாவைத் தம் வாழ்நாளிலேயே எதிர்கொண்டு, அதற்காகப் பெரும் விலையும் கொடுத்த தியாகச் சீலர் எல்லைக் காந்தி என அழைக்கப்பெற்ற கான் அப்துல் கஃப்பார் கான் ஆவார். அன்னாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே சுருக்கமாகத் தருகின்றோம்.

கல்விப் பணியில் தொடக்கம்

அன்றைய வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில், பெஷாவருக்கு அருகிலுள்ள உத்மான்ஸை என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் பஹ்ராம் கான் நிலபுலன்கள் உடைய ஊர்த் தலைவர். பட்டாணியச் சமுதாயத்தைக் கல்வியின்மையும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பழிவாங்கும் வழக்கமும் சீரழித்து வந்ததை இளமையிலேயே கண்டு வருந்திய அவர், 1910இல் தம் ஊரில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் கிராமம் கிராமமாக நடந்து சென்று கல்வியையும் சீர்திருத்தத்தையும் பரப்பினார்.

1929இல் அவர் அமைத்த இயக்கத்திற்கு ‘குதாயி கித்மத்கார்’, அதாவது இறைவனின் தொண்டர்கள் என்று பெயர். இறைவனுக்குத் தொண்டு தேவையில்லை. அவனுடைய படைப்புகளுக்குச் செய்யும் தொண்டே அவனுக்குரிய தொண்டு என்பதே அவ்வியக்கத்தின் அடிப்படை. அதில் சேருவோர் இறைவனின் பெயரால் உறுதிமொழி ஏற்றனர். பழிக்குப் பழி வாங்குவதில்லை என ஒப்புக்கொண்டனர். அவர்கள் அணிந்த உடையின் நிறத்தால் செஞ்சட்டையினர் எனவும் அழைக்கப்பட்டனர். அஹிம்சையை அவர் புதிய கொள்கையாகக் கருதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் மேற்கொண்ட பொறுமையே அது என விளக்கினார். 1930 ஏப்ரல் 23இல் பெஷாவர் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆங்கிலேயப் படை சுட்டபோது நிராயுதபாணிகளாக நின்று உயிர் நீத்தோரின் தியாகம் நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு அவ்வியக்கம் காங்கிரஸுடன் இணைந்து செயல்படலாயிற்று.

1946: பீர்களின் அழைப்பும் மக்களின் தீர்ப்பும்

எல்லைப்புறத்தில் பீர்களுக்கும் சஜ்ஜாதாநஷீன்களுக்கும் பெருஞ்செல்வாக்கு இருந்தது. அவர்களுள் புகழ் வாய்ந்தவரான மான்கி ஷரீஃப் பீர் அமீனுல் ஹஸனாத் அவர்கள், 1945இல் முஸ்லிம் லீக்கிற்குத் தம் ஆதரவை அளித்தார். அமையவிருக்கும் நாட்டில் ஷரீஅத் பேணப்படும் என்ற உறுதியை ஜின்னா அவர்களிடமிருந்து பெற்ற பின்னரே அவர் இவ்வாறு செய்தார். பீரின் முரீதுகள் ஊர்தோறும் சென்று பிரச்சாரம் செய்தனர். அரசியல் கட்சிக்குள் மார்க்கத் தலைமையின் குரல் ஓங்கி ஒலிக்கத் தொடங்கியது.

ஆயினும் 1946 தேர்தலில் மக்கள் அளித்த தீர்ப்பு வேறாக இருந்தது. 50 இடங்களுள் காங்கிரஸ் 30 இடங்களையும் முஸ்லிம் லீக் 17 இடங்களையும் பெற்றன. முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட 38 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு 19, லீக்கிற்கு 17, ஜம்இய்யத்துல் உலமாவுக்கு 2 என இடங்கள் அமைந்தன. அவரின் அண்ணன் டாக்டர் கான் சாஹிப் முதலமைச்சராகத் தொடர்ந்தார். லீக்கிற்கு வாக்களிக்காத இம்முஸ்லிம்கள் தொழுகையையோ நோன்பையோ விட்டவர்கள் அல்லர். தம் பீர்களை மதித்துக்கொண்டே வாக்கை மட்டும் தம் விருப்பப்படி அளித்தவர்கள்.

1947: வாக்களிக்காமையும் ஒரு விடையே

ஓராண்டுக்குள் நிலைமை மாறியது. பீஹார் முதலிய இடங்களில் நிகழ்ந்த கலவரங்களின் செய்தி மக்கள் உள்ளங்களில் அச்சத்தை விதைத்தது. 1947 ஜூன் 3 திட்டத்தின்படி எல்லைப்புறத்தில் பொது வாக்கெடுப்பு நடத்த முடிவாயிற்று. காங்கிரஸ் தலைமையும் அதனை ஏற்றது. இந்தியாவா, பாகிஸ்தானா என்னும் இரண்டே தேர்வுகள். தனிப் பட்டாணிய நாடு என்னும் மூன்றாவது தேர்வும் வேண்டும் என கஃப்பார் கான் தரப்பினர் ஜூன் 21இல் பன்னூவில் கூடிக் கேட்டனர், அது மறுக்கப்பட்டது. வாக்கெடுப்பே இஸ்லாத்திற்கும் குஃப்ருக்கும் இடையிலான தேர்வு போல் மேடைகளில் பேசப்பட்ட அச்சூழலில், கலவரம் மூளுவதைத் தவிர்க்க விரும்பிய அவர், வாக்கெடுப்பில் கலந்துகொள்ள வேண்டாம் எனத் தம்மவர்களைக் கேட்டுக்கொண்டார்.

ஜூலை மாதத்தில் நடைபெற்ற வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்கு 2,89,244 வாக்குகளும் இந்தியாவுக்கு 2,874 வாக்குகளும் பதிவாயின. மொத்த வாக்காளர்களோ 5,72,798 பேர். ஏறத்தாழப் பாதிப் பேர் வாக்களிக்கவில்லை. எந்தத் தேர்தலிலும் வாராதோர் உண்டாதலின் அவர்கள் அனைவரையும் புறக்கணித்தோர் எனக் கொள்ளலாகாது. அவ்வாறே, பாகிஸ்தானுக்கு வாக்களித்த இலட்சக்கணக்கானோரின் எண்ணத்தையும் ஐயுறலாகாது. ஆனால் ஒரே பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுத மக்கள் இரு பிரிவாகினர் என்பது வரலாறு.

முடிவை ஏற்றலும் உரிமையைக் கோரலும்

தோல்விக்குப் பின் அவர் நடந்துகொண்ட முறையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவர் கலகம் செய்யவில்லை. 1947 ஆகஸ்ட் 22இல் அண்ணனின் அமைச்சரவை கலைக்கப்பட்ட பின்னரும், 1948 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். நாட்டை ஏற்றுக்கொண்டே மாகாண உரிமைகளைக் கோரினார். எனினும் அவ்வாண்டு ஜூனில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். ஆகஸ்ட் 12இல் சார்சத்தாவை அடுத்த பாப்ராவில் அவருடைய தொண்டர்கள் பலர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். மாற்றுக் கருத்து துரோகம் என முத்திரை குத்தப்பட்டது.

மார்க்கத்தின் பெயரால் லீக்கிற்கு ஆதரவு திரட்டிய மான்கி ஷரீஃப் பீர் அவர்களே விரைவில் அக்கட்சியின் ஆட்சியாளர்களுடன் மாறுபட்டு, 1949இல் தனிக்கட்சி கண்டார் என்பதும் சிந்திக்கத்தக்கது. கட்சிகளின் தேவைகள் மாறும். மார்க்கமோ என்றும் மாறாதது.

சிறையிலும் ஆப்கானிஸ்தான் வாழ்விலும் பல்லாண்டுகளைக் கழித்த கஃப்பார் கான், 1987இல் இந்தியாவின் பாரத ரத்னா விருதைப் பெற்றார். 1988 ஜனவரி 20இல் பெஷாவரில் வஃபாத்தாகி, அவர் விருப்பப்படி ஜலாலாபாத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நமக்குரிய படிப்பினை

மார்க்கம் அரசியலுக்குள் இரு வழிகளில் நுழையக் காண்கிறோம். ஒன்று, தொண்டனைப் பொய்யினின்றும் பழியினின்றும் விலக்கி ஏழையின் இல்லம் நோக்கி நடத்துவது. மற்றொன்று, வாக்குச் சீட்டை ஈமானின் அளவுகோலாக்குவது. முன்னது சமுதாயத்தை உயர்த்தும். பின்னது சமுதாயத்தைப் பிளக்கும். எவருக்கு வாக்களிப்பது என்பதில் நம்முள் வேறுபாடு இருப்பது இயல்பு. அவ்வேறுபாட்டைக் காட்டி ஒரு சகோதரரின் ஈமானைச் சந்தேகிப்பதும், ஸலாமை நிறுத்துவதும், திருமண விருந்துக்கு அழையாது விடுவதும் தகாது. தேர்தல் முடிந்த மறுநாள் ஃபஜ்ருத் தொழுகையில் நாம் அனைவரும் ஒரே ஸஃப்பில் நிற்க வேண்டியவர்களே.

வல்ல அல்லாஹ் நம் ஜமாஅத்தின் ஒற்றுமையைக் காத்தருள்வானாக! ஆமீன்.