பரோடா உதவித்தொகையும் இலண்டன் இடமும்

அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களை நம் இளைஞர்கள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். அப்படிப்புக்கான பணம் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது என்று வினவினால் விடையிறுப்போர் சிலரே. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூற விழைகிறோம்.

1912இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் பி.ஏ. தேறிய அண்ணல், 1913 பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜியை இழந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவரை நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்ப இசைந்தார். திங்களுக்கு 11 பவுன் 10 ஷில்லிங், மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அவர் 1913 ஜூன் 4ஆம் நாள் கையொப்பமிட்டார். அத்தொகையிலும் மிச்சம் பிடித்து இல்லத்துக்கு அனுப்பினார் என்பதை நாம் மறத்தலாகாது.

1915இல் எம்.ஏ. பட்டம் கிட்டிற்று. 1916இல் முனைவர் பட்ட ஆய்வுரையும் உருப்பெற்றது. ஆயினும் அண்ணலின் நோக்கு இலண்டன் மேல் இருந்தது. அங்கே பொருளியலில் உயர் பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற விரும்பினார். உதவித்தொகையின் மூன்றாண்டுக் காலமோ முடிவுற்றது. பல்கலைக் கழகம் மாறினால் உதவித்தொகை தானே பின்தொடரும் என்று நம் மாணவர் சிலர் எண்ணிவிடுகின்றனர். அது கொடுப்பவரின் இசைவின்றித் தொடராது. அண்ணல் இசைவு வேண்டினார். மேலும் ஓராண்டு கிடைத்தது.

1916 அக்டோபரில் கிரேஸ் இன் சட்ட மன்றத்திலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் சேர்ந்தார். பள்ளியில் கட்டணம் 10 பவுன் 10 ஷில்லிங். ஆய்வு தொடங்கிய அளவிலேயே 1917இல் தவணை முடிந்ததென்று பரோடாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பட்டம் கைக்கு எட்டவில்லை, பணமும் இல்லை, ஒப்பந்தமோ கழுத்தைப் பிடித்தது. இந்நிலையில் மனம் நொந்து மூட்டை கட்டுவோரே பலர். அண்ணல் செய்ததை நம் இளைஞர் ஊன்றி நோக்குக. பேராசிரியர் எட்வின் கேனனின் பரிந்துரையால், 1917 அக்டோபர் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக் கழகத்திடம் பெற்றுக்கொண்ட பின்னரே கப்பலேறினார். உதவித்தொகையைக் காக்க இயலவில்லை, இடத்தைக் காத்துக்கொண்டார்.

உலகப் போர் நடந்த காலம் அது. அவர்தம் நூல்களை ஏற்றி வந்த வேறொரு கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகைதான் பரோடா செல்லும் வழிச்செலவுக்கு உதவிற்று. பரோடாவில் நடந்ததை நாமறிவோம். கொலம்பியாவில் படித்து வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. மன்னரின் கொடையுள்ளத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை; ஆனால் அக்கொடையால் அவருக்கு நியூயார்க்கில் வாய்த்த இருப்பிடம் மன்னரின் தலைநகரில் வாய்க்கவில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். நான்காண்டுக் கெடு கண்முன் நின்றது. ஊதியத்தில் சிக்கனமாய்ச் சேர்த்த பணம், கோல்காப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவி, பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5000 ரூபாய்க் கடன் ஆகியவற்றைக் கொண்டு, கெடு முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கையில், 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி. பெற்றார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவ்வாய்வு நூலாக வந்தபோது முன்னுரை வழங்கியவர் அதே கேனன். கொலம்பியாவின் முனைவர் பட்டம் முறைப்படி 1927இல்தான் வந்து சேர்ந்தது.

1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் அமர்ந்த அண்ணல், அவ்வாண்டே அரசுக்கு அளித்த கோரிக்கை மனுவில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாடு சென்று பயிலவும் பொருளுதவி கேட்டிருந்தார்.