போலீஸ்காரர் மகன் ஸ்டீவ் பிகோ

நெல்சன் மண்டேலாவை நம் எல்லாருக்கும் தெரியும். அதே தென்னாப்பிரிக்காவில் 30 வயதிலேயே போலீஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பிகோவைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பிகோ 1946 டிசம்பர் 18-ல் பிறந்தார். அப்பா போலீஸ் வேலை பார்த்தவர். பிகோவுக்கு 4 வயசிலேயே அவர் இறந்துட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் சமையல் வேலை செஞ்சு பிள்ளைகளை வளர்த்தாங்க. 1966-ல் பிகோ டர்பன் நகரில் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தார்.

அப்போ அங்கே நிறவெறி ஆட்சி. வெள்ளைக்காரங்களுக்குத் தனிப் பள்ளி, தனி பஸ், தனி பெஞ்ச். கறுப்பர்கள் நகரத்துக்குள் நடமாட பாஸ் புத்தகம் வேணும். கையில் அது இல்லேன்னா போலீஸ் பிடிச்சு ஜெயிலில் போட்டுடும்.

1969-ல் கறுப்பின மாணவர் சங்கத்துக்கு பிகோ தலைவரானார். அங்கே வாழ்ந்த இந்தியர்களையும் சங்கத்தில் சேர்த்துக்கிட்டார். நாம மட்டம் என்கிற நினைப்பு முதலில் நம்ம மனசை விட்டுப் போகணும் என்பதே அவர் கொள்கை.

1973-ல் அரசு அவருக்குத் தடை போட்டது. சொந்த ஊரைத் தாண்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒருத்தரோடுதான் பேசலாம். அவர் சொன்னதைப் பத்திரிகையில் போடக் கூடாது. அப்பவும் அவர் சும்மா இருக்கலை. ஊருக்குப் பக்கத்தில் ஏழைகளுக்காக 1975-ல் ஒரு ஆஸ்பத்திரி தொடங்க உழைச்சார்.

1977 ஆகஸ்ட் 18-ல் சாலையில் காரை மறித்து போலீஸ் அவரைக் கைது செஞ்சது. துணி இல்லாமல், விலங்கு மாட்டி வெச்சாங்க. விசாரணையில் தலையில் பலத்த அடி. பார்த்த டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சான்று எழுதிக் கொடுத்தார். டாக்டருக்குப் படிச்சவருக்கே இந்தக் கதி! பிறகு ஜீப்பின் பின்பக்கம் படுக்க வெச்சு, சுமார் 1,100 கி.மீ. தள்ளி பிரிட்டோரியாவுக்குக் கொண்டு போனாங்க. செப்டம்பர் 12-ல் உயிர் பிரிந்தது.

உண்ணாவிரதம் இருந்து செத்தார்னு மந்திரி சொன்னார். மூளையில் காயம்னு பிரேத பரிசோதனை காட்டியது. ஆனாலும் அந்த வருஷ விசாரணையில் யார் மேலும் குற்றமில்லைன்னு தீர்ப்பு! 1997-ல் 5 முன்னாள் போலீஸ்காரர்கள் மன்னிப்புக் கேட்டு மனு போட்டாங்க. 1999-ல் அது மறுக்கப்பட்டது. ஆனா தண்டனை யாருக்கும் கிடைக்கலை. 2025-ல்தான் விசாரணையை மறுபடி திறந்தாங்க.

48 வருஷம்! இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. காவல் என்றால் காப்பாற்றுவது என்றுதான் தமிழில் அர்த்தம். எந்த நிறத்தவராக இருந்தாலும், ஸ்டேஷனுக்குள் போனவர் உயிரோடு திரும்பி வரணும். நண்பர்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க?

- 10-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி